மோயீசனின் கைகளைத் தாங்கிய இருவர்



யாத்திராகமத்தின் பதினேழாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி ஒன்றைச் சற்று நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இஸ்ராயேல் மக்கள் அமலேக்கியருடன் போர் புரிகின்றனர். மோயீசன் குன்றின் உச்சியில் நின்று கைகளை உயர்த்திச் செபிக்கிறார். அவர் கைகள் உயர்ந்திருக்கும் வேளையில் இஸ்ராயேலருக்கு வெற்றி. தளர்ந்து தாழும் வேளையில் எதிரிக்கு வெற்றி. மோயீசனோ வயது சென்றவர். கை எவ்வளவு நேரம்தான் தாங்கும்? உடனிருந்த ஆரோனும் ஹூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அதன்மேல் இருத்தினார்கள். பின்னர் ஆளுக்கொரு பக்கமாக நின்று அவருடைய கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். பொழுதுபடும்வரை அப்படியே நின்றார்கள்.

இந்த இருவரும் செய்ததை நன்றாகக் கவனியுங்கள். மோயீசனை அப்பால் தள்ளிவிட்டுத் தங்கள் கைகளை உயர்த்த அவர்கள் முனையவில்லை. ஏன் கையைத் தாழ விட்டீர் என்று அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. அவருடைய கடமையை அவரிடமே விட்டுவிட்டு, அதைச் செய்வதற்கு வேண்டிய பலத்தை மட்டும் கொடுத்தார்கள். நீண்டநாள் வருத்தத்தோடு வாழும் நம் பெற்றோருக்கும் சகோதரருக்கும் நாம் செய்யவேண்டிய உதவி எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உவமை எனக்குத் தெரியாது.

இன்று நம் பங்குகளில் எந்த வீட்டுக்குப் போனாலும், மேசையில் கிளினிக் கொப்பி ஒன்று இருக்கிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய வருத்தம், தொய்வு, சிறுநீரக வருத்தம் என்று ஏதோ ஒன்று. நம் மக்கள் சீனி வருத்தம் என்று அழைக்கும் நீரிழிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்றில், வளர்ந்தவர்களில் பத்துப்பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அதற்கு முந்திய நிலையில் உள்ளவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். நோயிருந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல், தமக்கு அந்நோய் உண்டு என்பதையே அறியாதிருந்தனர். அக்காலப் போர்ச்சூழலில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எனினும் நம் வீடுகளின் நிலைமையை அறிய நமக்குப் புள்ளிவிபரம் தேவையில்லை.

இந்நோய்களுக்குப் பொதுவான தன்மை ஒன்றுண்டு. காய்ச்சல் வந்தால் மருந்தெடுத்துச் சுகமாகி எழும்புகிறோம். இவையோ வந்தால் பெரும்பாலும் நம்மோடு தங்கிவிடுகின்றன. வைத்தியம் இவற்றைக் கட்டுப்படுத்தும். முற்றாக நீக்குவது அரிது. அவ்வாறு நீங்காத துன்பத்தோடு வாழ்ந்த ஒருவரைத் திருச்சபை நன்கறியும். புனித சின்னப்பர் தம் உடலில் தைத்த முள் ஒன்றைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் கூறுகிறார். அதை எடுத்துவிடும்படி மும்முறை ஆண்டவரை மன்றாடினார். முள் எடுபடவில்லை, அதைத் தாங்குவதற்குப் போதிய அருள் கொடுக்கப்பட்டது. அந்த முள் என்ன நோய் என்று எவரும் அறியோம். ஆனால் அந்த முள்ளோடுதான் அவர் கடலிலும் தரையிலும் பயணஞ்செய்தார், சபைகளை நிறுவினார், திருமுகங்களை எழுதினார். அவருடன் இருந்த லூக்காஸ் ஒரு மருத்துவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. மன்றாட்டும் மருத்துவரும் அருளும் அவர் வாழ்வில் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. அதே சின்னப்பர்தான், அடிக்கடி சுகவீனப்பட்ட தீமோத்தேயுவுக்கு, வயிற்றின் நன்மைக்காக எதைக் குடிக்கவேண்டும் என்று ஒரு தந்தையைப்போல் புத்தி சொல்லுகிறார்.

இவ்விடத்தில் நான் உங்களுக்கு ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியவனாயிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கரையோரப் பங்கு ஒன்றில் பணியாற்றினேன். அங்கே கடற்றொழில் செய்து ஓய்ந்த ஒரு பெரியவர் இருந்தார். பதினான்கு ஆண்டுகளாக அவருக்குச் சீனி வருத்தம். அவருடைய மனைவி மிக நல்ல பெண்மணி. காலையும் மாலையும் குளிசைகளை எடுத்து அவர் கையில் வைப்பார், தண்ணீரையும் கொடுப்பார். கிளினிக் கொப்பி அவர் கைப்பையில் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு இருவரும் போவார்கள். டொக்டர் கேட்கும் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்வார். ஊரெல்லாம் அந்த அன்பைக் கண்டு வியந்தது. நானும் பிரசங்கத்தில் புகழ்ந்திருக்கிறேன்.

அந்த அம்மா ஒருநாள் திடீரென இறைவனடி சேர்ந்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பின் பெரியவரைப் பார்க்கப் போனேன். மேசையில் ஒரு பிஸ்கற் தகரம். அதற்குள் எல்லாக் குளிசைகளும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. "எது என்னத்துக்கு எண்டு எனக்குத் தெரியாது சுவாமி. அவ இருக்கும்வரைக்கும் எனக்கு ஒண்டும் தெரியத் தேவையிருக்கேல்லை. தலை சுத்தினால் நிறத்துக்கு ஒண்டாய் எடுத்துப் போடுறன்" என்றார். காலில் ஒரு துணிச்சுற்று. சிப்பியொன்று வெட்டியதாம், வலி இல்லையாம். நான் அவருக்காகச் செபித்தேன். தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன். "இதை ஒரு சிலுவையாக ஏற்றுப் பொறுமையோடு சுமவுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமைக்குள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு கால்விரலை எடுக்கவேண்டியதாயிற்று.

அன்றைக்கு நான் சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதிதான். சிலுவையைச் சுமக்கச் சொன்ன நான், சுமப்பதற்கு வழி சொல்லவில்லை. வலியில்லை என்று அவர் சொன்னபோதே நான் பயந்திருக்கவேண்டும். நீரிழிவு நீண்டகாலம் கட்டுப்பாடின்றி இருந்தால் கால் நரம்புகள் உணர்விழக்கும். இரத்த ஓட்டமும் குறையும். காயம்படுவது தெரியாது, பட்ட காயம் ஆறாது. வலியில்லாத காயமே அவர்களுக்கு ஆபத்தான காயம். இது தெரியாத அறியாமைக்குப் பொறுமை என்றும், கவனக்குறைவுக்கு இறைசித்தம் என்றும் நாம் பெயர் வைத்துவிடுகிறோம். அன்பர்களே, தடுக்கக்கூடிய துன்பத்தைத் தடுக்காமல் விட்டுவிட்டு அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது காணிக்கை ஆகாது.

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டில் 8,760 மணித்தியாலங்கள். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய், ஒவ்வொரு முறையும் டொக்டருடன் பத்து நிமிடம் பேசக் கிடைத்தாலும், ஆண்டு முழுவதற்கும் இரண்டே மணித்தியாலம். மிகுதி எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மணித்தியாலங்களில் நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் யார்? அவரேதான். என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது, குளிசையை எப்போது எடுப்பது, காலைக் கழுவிப் பார்ப்பதா விடுவதா என்று ஒவ்வொரு நாளும் முடிவு செய்பவர் அவரே. அவரிடம் அறிவும் துணிவும் இல்லையானால், உலகத்துச் சிறந்த மருந்தும் பிஸ்கற் தகரத்தில்தான் கிடக்கும்.

இதை மருத்துவ உலகம் நீண்டகாலமாக அறிந்திருக்கிறது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் எலியற் ஜொஸ்லின், இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னமேயே, 1918இல் நீரிழிவு நோயாளருக்கென ஒரு கைந்நூல் எழுதினார். தம் நோயை நன்கறிந்தவரே நீடித்து வாழ்வர் என்பது அவர் கொள்கை. 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதுவரை மரணத் தீர்ப்பாயிருந்த நோய், அன்றுதொட்டு வாழ்ந்து கடக்கக்கூடிய நோயாயிற்று. ஆனால் அந்த மருந்தை நாள்தோறும் அளந்து ஏற்றவேண்டியவர் நோயாளியோ அவர் தாயோ தான். பின்னர் 1970களின் இறுதியில் கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேற் லோறிக் என்னும் தாதி, மூட்டுவாத நோயாளருக்கென ஒரு பயிற்சியைத் தொடங்கினார். நாளடைவில் அது எல்லா நீண்டகால நோயாளருக்கும் பொதுவான ஆறு வாரப் பயிற்சியாக வளர்ந்தது. அதை நடத்துவோர் பெரும்பாலும் வைத்தியர்கள் அல்லர். அதே நோய்களோடு வாழும் சாதாரண மக்கள். என்னால் முடியும் என்னும் நம்பிக்கை ஒருவருக்குள் வளரும்போது அவர் நிலைமை சீரடைகிறது என்பதே அங்கு கண்ட பாடம்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நம் குடும்பங்களில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அன்பு இரண்டு வகையில் வழிதவறுகிறது. ஒன்று, அந்த நல்ல மனைவியைப்போல் எல்லாவற்றையும் நாமே செய்து, நோயாளியைக் குழந்தையாக்கிவிடுவது. மற்றது, காவற்காரராக மாறிவிடுவது. "அப்பா, அதைத் தொடாதேங்கோ", "அம்மா, சொன்னால் கேக்க மாட்டீங்களே" என்று நாள் முழுவதும் சத்தம். அதன் பயன் என்ன? அப்பா சந்திக் கடையில் ஒளித்துச் சீனி போட்ட தேத்தண்ணீர் குடிக்கிறார். அம்மா கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்து, நல்ல கணக்குக் காட்டுகிறா. பயத்தினால் வருவது பொய். அறிவினால் வருவதே ஒழுக்கம்.

ஆரோனும் ஹூரும் செய்ததுபோல் நாம் செய்வது எப்படி?

முதலாவது, சொல்லுமுன் கேளுங்கள். "இந்த வருத்தத்திலே உங்களுக்கு ஆகக் கஷ்டமாய் இருப்பது என்ன?" என்று ஒருமுறை அமைதியாகக் கேட்டுப்பாருங்கள். ஐந்து மண்டபங்களுள்ள குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்த மனிதனைப் பார்த்து ஆண்டவரே முதலில் கேள்விதான் கேட்டார் என்று அருளப்பர் எழுதுகிறார். குணமடைய அவனுக்கு விருப்பமா என்று கேட்டார். எல்லாம் அறிந்தவர் ஏன் கேட்கவேண்டும்? அந்த மனிதனின் விருப்பத்தை எழுப்பாமல் அவனை எழுப்ப அவர் விரும்பவில்லை.

இரண்டாவது, சிறிய காரியத்தில் தொடங்குங்கள். சீரிய நாட்டுப் படைத்தலைவன் நாமான், பெரிய அற்புதமொன்றை எதிர்பார்த்து வந்தவன். யோர்தானில் ஏழுமுறை மூழ்கச் சொன்னதும் கோபங்கொண்டு திரும்பினான். பெரிய காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்தச் சிறிய காரியத்தை ஏன் செய்யக்கூடாது என்று அவனுடைய வேலைக்காரர்கள் பணிவோடு எடுத்துச்சொன்னார்கள். அவ்வாறே நாமும், "நாளையிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிடு" என்று கட்டளையிடாமல், ஒரு கிழமைக்கு ஒரு காரியத்தை அவரே தெரிந்தெடுக்க விடுவோம். மாலையில் கோவிலடிவரை நான்கு நாள் நடப்பேன் என்கிறாரா? நல்லது. "பத்துக்கு எத்தனை நிச்சயம்?" என்று கேளுங்கள். ஏழுக்குக் குறைவாகச் சொன்னால், இன்னும் சிறியதாக ஒன்றைத் தெரிந்தெடுக்கட்டும். ஸ்ரான்போர்ட் பயிற்சியிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

மூன்றாவது, ஒரே சட்டியில் சமையுங்கள். ஒருவருக்கு மட்டும் உப்பில்லாக் கறியும் மற்றவர்களுக்கு விருந்துமாக இருந்தால், அது அவருக்குத் தண்டனையாகவே தோன்றும். சோறும் புட்டும் இடியப்பமும் அளவோடு, கீரையும் மரக்கறியும் மீனும் தாராளமாக என்று வீடு முழுவதும் மாறினால், பிள்ளைகளும் இந்நோயிலிருந்து காக்கப்படுவர். பனங்கட்டி இயற்கையானது, ஆகவே தீங்கில்லை என்று எண்ணாதீர்கள். அதுவும் இனிப்புத்தான், இரத்தத்தில் சீனியைக் கூட்டும். குரக்கன் நல்லதுதான், அளவின்றி உண்டால் அதுவும் சீனியைக் கூட்டும். பாவற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று குளிசையை நிறுத்துவது பேராபத்து.

நான்காவது, ஆபத்து வேளையை எல்லோரும் அறிந்திருங்கள். இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிட்டால், இரத்தத்தில் சீனி திடீரென இறங்கும். வியர்வை, நடுக்கம், பசி, நெஞ்சு படபடப்பு, பின்னர் தடுமாற்றம். அவ்வேளையில் மூன்று தேக்கரண்டி சீனியையோ குளுக்கோசையோ தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மறுமுறையும் கொடுங்கள். தெளிந்தபின் சாப்பிடச் செய்யுங்கள். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். வீட்டுச் சிறுவனுக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர் தம் மருந்தையும் சாப்பாட்டையும் எந்நேரம் எடுப்பது என்று டொக்டரிடம் வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தோணியில் ஒரு பொட்டலம் சீனியும் இருக்கட்டும்.

ஐந்தாவது, ஒருசந்தியையும் யாத்திரையையும் பற்றி. விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் சீனி வருத்தக்காரர் சிலர், மருந்தையும் எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்து, கோவிலிலேயே மயங்கி விழுவதைக் கண்டிருக்கிறேன். திருச்சபை உங்களிடம் இதைக் கேட்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஒருசந்திக் கடமை பதினெட்டு வயது நிறைந்ததிலிருந்து அறுபதாம் வயது தொடங்கும்வரைக்குமே; அந்த வயதுக்குள்ளும் நோயாளருக்கு விலக்கு உண்டு. திவ்விய நற்கருணைக்கு முன் ஒரு மணித்தியாலம் உண்ணாதிருக்கும் ஒழுங்கிலிருந்தும் முதியோருக்கும் நோயாளருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அதே சட்டம் விலக்களிக்கிறது. சீனி போட்ட தேத்தண்ணீரைத் தியாகம் செய்வது அவர்களுக்கு நாள்தோறும் தவம், அதுவே போதும். மடுத் திருப்பதிக்கு நேர்த்திவைத்து வெறுங்காலோடு நடக்க விரும்பும் நீரிழிவு நோயாளர், செருப்பணிந்து நடந்தால் மாதா மனம் வருந்தமாட்டா என்று நான் உறுதியாகச் சொல்வேன். இரவில் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் அடிப்பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். பெரிய வியாழனில் குருவானவர் பாதங்கழுவுவதைப் பார்க்கும் நாம், வீட்டிலே தாத்தாவின் பாதத்தைப் பார்ப்பதற்கு வெட்கப்படலாமா?

இறுதியாக, பராமரிப்பவரையும் பராமரியுங்கள். ஒரு பக்கத்தில் ஆரோன் மட்டும் நின்றிருந்தால் அவன் கையும் தளர்ந்திருக்கும். மற்றப் பக்கத்துக்கு ஒரு ஹூர் வேண்டும். ஒரே மகளின் தலையில் எல்லாப் பாரத்தையும் வைத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து "அம்மாவுக்குச் சீனி எவ்வளவு?" என்று தொலைபேசியில் விசாரணை செய்யும் பிள்ளைகளே, அந்தச் சகோதரிக்கு "நீ எப்படி இருக்கிறாய்?" என்ற கேள்வியையும் கேளுங்கள்.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். விரலிழந்து வீடு திரும்பியவரைத் தேடி, அடுத்த தெருவிலிருந்து ஒரு விதவைத் தாய் வந்தார். அவருக்கும் அதே வருத்தம். அவர் போதனை செய்யவில்லை. தம் கொப்பியை எடுத்துக் காட்டினார். குளிசைகளை மருந்து கொடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தறிந்து, உறைகளில் காலைக்குச் சூரியனும் இரவுக்குச் சந்திரனும் வரைந்து கொடுத்தார். பெரியவருக்குச் சிறிய எழுத்துத் தெரியாதல்லவா? முதல் மாதம் இரண்டுமுறை தவறவிட்டார். அந்த அம்மா அவரை ஏசவில்லை. எந்தெந்த நேரத்தில் தவறுகிறது என்று இருவருமாக யோசித்தார்கள். காலைக் குளிசையைச் செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதன்பின் தவறவில்லை.

சில மாதங்கள் கழித்து, காலைப் பூசை முடிந்து செருப்பு அணிந்த காலோடு அவர் அறைவீட்டுக்கு வந்தார். கொப்பியை என்முன் விரித்து, "இந்தமுறை டொக்டரோடை நானே கதைச்சன் சுவாமி" என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, சுகமாக்கப்பட்டுப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த மனிதனின் முகத்தில் நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. பெரியவருடைய நோய் அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் இப்போது அவர் நோயைச் சுமக்கிறார். நோய் அவரைச் சுமந்து திரியவில்லை.

1993ஆம் ஆண்டு தொடக்கம் திருச்சபை பெப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளை, உலக நோயாளர் தினமாக அநுசரித்து வருகிறது. அந்நாளில் நோயாளருக்குப் பூசை வைத்து ஆசீர்வாதம் கொடுக்கிறோம். அத்தோடு நில்லாமல், ஒவ்வொரு பங்கிலும் மாதம் ஒருநாள், ஒரே வருத்தத்தோடு வாழும் ஐந்தாறு பேர் பூசைக்குப்பின் ஒன்றாகக் கூடியிருந்து தங்கள் அனுபவத்தைப் பேசிக்கொள்ள வழிசெய்தால் என்ன? பணம் வேண்டியதில்லை, சில கதிரைகளும் சீனியில்லாத தேத்தண்ணீரும் போதும். அயலிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால், விளக்கம் சொல்ல ஒருவரை அனுப்புவார்கள்.

குளத்தருகே கிடந்த மனிதன் ஆண்டவருக்குச் சொன்ன மறுமொழியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஒருவரும் இல்லை என்றான். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருவரும் இல்லை! நம் வீட்டில், நம் தெருவில், நம் பங்கில் இருக்கும் எந்த நோயாளியும் தீர்வை நாளில் ஆண்டவர்முன் அப்படிச் சொல்லாதிருக்கட்டும். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின், வீட்டிலுள்ள வருத்தக்காரர் பக்கத்தில் ஐந்து நிமிடம் இருந்து, அந்தக் கொப்பியைக் கையில் எடுத்து, "இதை எனக்கும் ஒருக்கால் விளங்கப்படுத்துங்கோ" என்று கேளுங்கள். அவர் விளங்கப்படுத்தத் தொடங்கும்போதே அவருடைய கை உயரத் தொடங்கிவிடும்.

பொழுதுபடும்வரை தாங்கிநிற்கும் பொறுமையை, நோயாளரின் ஆரோக்கியமாகிய அன்னையின் மன்றாட்டினால் இறைவன் நமக்கு அருள்வாராக.